இரும்பு விலைக்கு வந்த சிவப்புச் சட்டி

அத்தை,

நேற்று டியூஷன் முடிந்து வரும்போது, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் யாரோ பழைய ஒயர்களைக் கொளுத்திச் செம்புக் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் கருகும் வாடை தெரு முழுக்கப் பரவியிருந்தது. கூட வந்த பெண்கள் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் நின்றுவிட்டேன். எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

இதை வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். உனக்கு மட்டும்தான் புரியும். அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்து கோழி தின்றவர்கள் இந்த உத்திரமேரூரில் நாம் இரண்டு பேர்தான்.

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. வீட்டில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "பாவம்" என்கிறார்கள். நீ பாவம் இல்லை அத்தை. உன்னைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் நடந்ததை நடந்தபடி உனக்கே ஒரு முறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது நீ குவைத்திலிருந்து வந்தாய். மாமா வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, அப்பாதான் ஏஜெண்டைப் பிடித்து உன்னை அங்கே வீட்டு வேலைக்கு அனுப்பினார். நீ அனுப்பிய பணத்தில் நம் வீட்டுக்கு மாடி எழும்பியது. பாதி எழும்பி நின்றது. மீதிக்கும் நீ இன்னொரு முறை போய்வருவாய் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். உன்னை யாரும் கேட்கவில்லை.

வந்த அன்று பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு சோப்பும் சென்ட்டும் கொடுத்தாய். எனக்குக் கலர் பென்சில். பக்கத்து வீட்டு அக்கா சென்ட்டை முகர்ந்துகொண்டே, "அங்க பாத்திரம் தேய்க்கிற வேலைதானே?" என்று கேட்டாள்.

"சமைச்சேன்" என்றாய் நீ.

"அரபிக்காரனுக்கு நம்ம சாம்பாரா?"

"கோழி. முழுசா."

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அதற்குப் பிறகு தினமும் கேட்டேன். நீ வேலை செய்த வீட்டில் ஒரு சட்டி இருந்ததாம். "தூக்கிப் பாத்தா இரும்பு. தொட்டுப் பாத்தா பீங்கான். உள்ள ஒரு கோழிய முழுசா குந்த வெச்சி மூடிட்டா, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த வோணாம். அது வுடற தண்ணியிலயே அது வேகும்" என்று கையால் மூடிக் காட்டுவாய். மூடியே அவ்வளவு கனமாம். ஆவி வெளியே வர வழி தேடித் தோற்றுப்போய்க் கோழிக்குள்ளேயே திரும்பிவிடுமாம். நீ சொல்லும்போது எனக்குப் பௌதிகப் பாடம் படிப்பது போல இருக்கும். பௌதிகத்தை விட நன்றாக இருக்கும்.

ஒரு நாள் காலை நாஷ்டா நேரத்தில் அப்பா, "ஏஜெண்டு வரேன்னு சொல்லிக்கினு கீறாரு. நல்ல எடமாம். பாஸ்போர்ட்ட எடுத்து வெய்யி" என்றார்.

நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் போவலண்ணா. இங்கியே விசேஷத்துக்கு சமைச்சிப் பொழச்சிக்கிறேன்" என்றாய்.

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. "இன்னா சொன்னே? பொம்பள மாஸ்டரா? கல்யாணத்துக்கு அண்டா எறக்குறது ஆம்பளைங்களே மூச்சு வாங்கற வேல."

"அண்டா எறக்கல. கோழி பண்ணப் போறேன். முழுக்கோழி. மாப்ள எலைக்கு, சம்பந்தி எலைக்கு. அத்த மட்டும்."

அந்த மாதத்தில்தான் என் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரை விருந்துக்கு அழைக்க வேண்டியிருந்தது. மானாம்பதியில் சம்பந்தி வீட்டில் மகள் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து வருகிறது, அதற்குச் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றும் அக்கா சொல்லியிருந்தாள். நீ இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாய். விருந்துச் சமையல் உன்னுடையது. சம்பந்தி சாப்பிட்டுவிட்டுத் தன் வாயால் காதுகுத்து ஆர்டரைக் கொடுத்தால் அப்பா ஏஜெண்டிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

"குடுக்கலன்னா?" என்றார் அப்பா.

நீ தட்டைக் கழுவ எழுந்து போனாய். அப்படியானால் குவைத்துக்குப் போகச் சம்மதம் என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

முதலில் இருக்கிற பாத்திரத்தில் செய்து பார்த்தாய். அலுமினியக் குண்டானில் வைத்தாய். அடியில் தோல் ஒட்டிக் கருகியது, உள்ளே எலும்பருகில் ரத்தம் நின்றது. பித்தளைத் தவலையில் வைத்தாய். கோழி வேகும் முன்னே தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போனது. "அந்தச் சட்டி இல்லாம ஆவாது" என்று முடிவு செய்தாய். உத்திரமேரூர் பஜாரில் ஒரு கடை விடாமல் கேட்டோம். காஞ்சிபுரத்துக்குப் பேருந்தில் போய்ப் பாத்திரக்கடைகளில் ஏறி இறங்கினோம். "இரும்புல பீங்கானா? தட்டு, டம்ளரு கீது. சட்டி கெடையாது" என்றார்கள். மெட்ராசில் பெரிய கடையில் கிடைக்குமாம், விலை கேட்ட நீ அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அது கிடைத்தது எங்கே என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கண்டுபிடித்தவள் நான்.

பழைய இரும்பு வாங்கும் பாயின் காயலான் கடைக்கு நான் பள்ளி விட்டதும் போவது வழக்கம். எடைக்கு வரும் பழைய பேப்பர் கட்டுகளுக்கு நடுவே அட்டை கிழிந்த கதைப் புத்தகங்கள் இருக்கும். பாய் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார். "இன்னா பாப்பா, லைப்ரரி இன்னிக்கி லேட்டா தொறக்குது?" என்று மட்டும் கேட்பார். அன்றைக்கும் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சைக்கிள் ரிம்களுக்குக் கீழே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. நட்டும் போல்ட்டும் நிறையக் கொட்டி வைத்த ஒரு சட்டி. ஒரு கையால் அசைக்க முடியவில்லை. நட்டுகளை ஒதுக்கிவிட்டு நகத்தால் சுரண்டினேன். கிரீசுக்கு அடியில் மோர் போல வெள்ளை. விளிம்பில் பீங்கான் பெயர்ந்த இடத்தில் கறுப்பு இரும்பு. கதையில் அரசகுமாரனைக் குகைக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன். அவன் வெளியே வந்தானா என்று இன்று வரை தெரியாது.

உன்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போகும் வழியில் நீ என் தோளைப் பிடித்து நிறுத்தினாய். "மூஞ்ச மாத்துடி. இப்பிடி பல்லக் காட்டிக்கினு வந்தா பாய் வெலய ஏத்திடுவாரு."

கடையில் நீ அந்தச் சட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. வளைந்துபோன ஒரு தோசைக்கல்லை எடுத்து, அதைத் தட்டிப் பார்த்து, அதில் ஓட்டை இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெகு நேரம் பேரம் பேசினாய். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் போகிற போக்கில் கேட்பது போல, "நட்டு போட்டு வெச்சிக்கீறியே, அது இன்னா பாய்?" என்றாய்.

"அதுவா? அது ஆஸ்பத்திரி சாமான்மா. மெட்ராஸ்ல ஒரு வெள்ளக்காரன் வூட்ட காலி பண்ண லாட்ல வந்துச்சி. சமைக்கிறதுக்குன்னா வோணாம். நான் சொல்லலன்னு அப்பால சொல்லாதே."

"வெள்ளக்காரன் வூட்ல ஆஸ்பத்திரி சாமான் எப்பிடி பாய் வரும்?"

"சீக்காளியா இருந்திருப்பான்."

"சரி, இத்த இரும்பு வெலைக்குப் போடு. நட்டுக்கு நான் வேற டப்பா தரேன்."

"மேல பீங்கான் பூசிக்கீதேம்மா!"

"பீங்கானுக்கு நீ எந்த ஊர்ல காசு குடுத்தே? உரிச்சி எடுத்துக்கோ. இரும்ப மட்டும் நான் எடுத்துக்கினு போறேன்."

பாய் சிரித்துவிட்டார். "பேஜார் புடிச்ச பொம்பளம்மா நீ" என்று சொல்லிக்கொண்டே நட்டுகளைக் கீழே கொட்டினார். மூடி கடையின் பின்பக்கம் கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அதையும் எடுத்து வந்து தராசில் ஏற்றினார். இரும்பு விலைதான்.

"தோசக்கல்லு?" என்று கேட்டார்.

"அது உனக்கே இருக்கட்டும் பாய், ஓட்டயா கீது."

சட்டியை நீ பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டாய். நான் மூடியை மார்போடு அணைத்துக்கொண்டேன். தெரு திரும்பும் வரை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நடந்தவள், திரும்பியதும் சுவரில் சாய்ந்து சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாய். குவைத்திலிருந்து வந்த பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள். "ஏம்மா, ஆஸ்பத்திரியில கட்டிலுக்குக் கீழ வெப்பாங்களே, அது மாதிரி கீது. இத்த என் அடுப்பாண்ட கொண்டாராத."

நீ கொண்டுபோகவில்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் மூன்று கல் வைத்தாய். சட்டியைப் புளியும் வெந்நீரும் போட்டு ஊற வைத்துக் கழுவினாய். அம்மா உதவிக்கு என்று செங்கல் தூளை எடுத்து வந்தபோது அவள் கையைப் பிடித்துத் தடுத்தாய். அந்த வழவழப்பு போய்விட்டால் எல்லாம் போச்சு என்றாய். முட்டை வைக்காத விடைக்கோழி ஒன்றை வாங்கி, வாட்டி, மஞ்சள் தடவி, வெட்டாமல் எடுத்துக்கொண்டாய். வயிற்றுக்குள் சின்ன வெங்காயம், பூண்டு, அவித்த முட்டை. மேலெல்லாம் மிளகும் மல்லியும் அரைத்த மசாலா. காலைத் தென்னை நாரால் கட்டிச் சட்டியில் உட்கார வைத்தாய்.

குவைத்தில் அந்தச் சட்டியை ஓவனுக்குள் தள்ளிவிடுவார்களாம். இங்கே ஓவன் ஏது? பாய் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணிக்கு தம் போடுகிறார்களே, அண்டா மூடி மேல் நெருப்பைக் கொட்டி, அதுபோலச் செய்யலாம் என்றாய். கீழே தணலைக் குறைத்து, மூடி மேல் கங்குகளை வாரிக் கொட்டினாய். நான் விசிறிக்கொண்டே வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாகப் படித்தேன். குப்தர் காலத்தின் நடுவில் அந்த வாடை வந்தது.

மூடியின் தலையில் கறுப்பாக ஒரு குமிழ் இருந்ததல்லவா? நாம் அதை இரும்பு என்றே நினைத்திருந்தோம். அது பிளாஸ்டிக்; உருகிப் புகைந்து நீல நிறத்தில் எரிந்தது. கொல்லை முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல் தலையை நீட்டி, "இன்னாக்கா, டயர் கொளுத்துறீங்களா? போகிக்கு இன்னும் நாள் கீதே!" என்றாள். அப்பா வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"இந்தச் சமையலுக்காவத்தான் வெளிநாடு வோணான்றியா?"

துடைப்பத்தால் கங்குகளைத் தள்ளினாய். துணி சுற்றிய கையால் மூடியைத் தூக்கினாய். அப்பா போய்விட்டார், பக்கத்து வீட்டு அக்கா மதிலிலிருந்து இறங்கிவிட்டாள். நான் மட்டும் அழுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். நீ குனிந்து கோழியின் தொடையை விரலால் பிரித்தாய். எலும்பை ஒட்டித் தெளிந்த சாறு வடிந்தது.

"பாருடி, வெந்துகீது. எலும்பு வரைக்கும் வெந்துகீது!"

உன் முகத்தில் சட்டி வாங்கிய அன்றைய சிரிப்பு. வாடை பிடித்த தோலை உரித்து எறிந்தாய். ஒரு காலை முழுதாகப் பிய்த்து என் கையில் கொடுத்தாய்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும் அத்தை. நம் வீட்டில் கோழி என்றால் குழம்பில் மிதக்கும் துண்டுகள்தான். கால் இரண்டும் அப்பாவுக்கும் வந்த விருந்தாளிக்கும். எனக்கும் அக்காவுக்கும் இறக்கை. அம்மாவுக்குக் கழுத்தும், அடியில் தேடினால் அகப்படுகிற எலும்பும். இப்படித்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை. கரண்டி அப்படிப் பழகியிருந்தது. குழம்பில் யாருக்கு என்ன போனது என்பதும் தெரியாது. அன்றைக்கு அந்தப் புகைக்கு நடுவில்தான் நான் முதன்முதலாகக் கோழிக்கால் தின்றேன். பதின்மூன்று வயது எனக்கு. அந்த வாடைக்கு ஏன் இன்னும் எச்சில் ஊறுகிறது என்று இப்போது தெரிகிறதா?

நீயும் அதை யோசித்திருக்கிறாய் என்று விருந்து அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கருகிய குமிழைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் பழைய டிரங்குப் பெட்டியின் இரும்பு வளையம் ஒன்றைப் பாயே போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார். "ஆஸ்பத்திரி சாமான்ல கோழி செஞ்சியாமே, பொழச்சிக்கினீங்களா எல்லாரும்?" என்று கேட்டார். அதன் பிறகு இன்னும் இரண்டு கோழி. மூன்றாவதில் தோல் பொன்னாகச் சிவந்தது. அம்மா அடுப்பங்கரையில் நின்றபடியே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, நான் பார்ப்பதைக் கண்டதும் திரும்பிக்கொண்டாள்.

விருந்து ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தியும் அவர் சம்சாரமும் மாப்பிள்ளையும் அக்காவும் வந்தார்கள். அம்மா தன் பங்குக்குத் தனியாக ஒரு கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள், உன் கோழி காலை வாரிவிட்டால் இருக்கட்டும் என்று. கூடத்தில் ஆண்களுக்கு மூன்று இலை போட்டாள். பெண்கள் பிறகு சாப்பிடுவதுதானே வழக்கம். அப்போது கொல்லையிலிருந்து உன் குரல் வந்தது.

"அண்ணி, எல்லா எலையும் ஒண்ணா போடுங்க. இத்த தொறந்தா காத்துக்கினு இருக்காது. ஆறிப்போனா தோலு ரப்பராயிடும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். விருந்தாளிகள் முன்னால் அப்பா கோழியின் தோலைப் பற்றி என்ன வாதாட முடியும்? எட்டு இலையும் விழுந்தன. அக்கா கூச்சத்தோடு மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாராவது எழுப்பிவிடுவார்களோ என்பது போல இலை ஓரத்தில் உட்கார்ந்தார்.

நீ சட்டியைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்து மூடியைத் தூக்கினாய். ஆவி எழுந்தது. முதலில் வாய் திறந்தவர் சம்பந்தி.

"இன்னா சம்பந்தி இது, கோழி குளிச்சி முடிச்சி சாவகாசமா குந்திக்கினு கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. நீ கத்தியை எடுத்தாய். முழுசாக வைத்ததில் ஒரு விஷயம் உண்டு. எல்லோர் கண்ணும் அந்த இரண்டு கால்கள் மேல் இருந்தது. ஒன்று மாப்பிள்ளைக்கு, ஒன்று சம்பந்திக்கு என்று அந்தக் கூடத்தில் இருந்த எட்டுப் பேருக்கும் தெரியும். காதுகுத்து ஆர்டர் சம்பந்தியின் கையில் இருக்கிறது என்பதும் தெரியும்.

முதல் காலை மாப்பிள்ளை இலையில் வைத்தாய். இரண்டாவது காலை எடுத்து, சம்பந்தியைத் தாண்டிப் போய், அக்காவின் இலையில் வைத்தாய்.

"ரெண்டு பேருக்கும் சேத்துதானே விருந்து" என்றாய், சாதாரணமாக. அப்புறம் நெஞ்சுக்கறியில் பெரிய துண்டாக அறுத்துச் சம்பந்திக்கு வைத்தாய். ஈரலை இரண்டாக்கி அம்மாவுக்கும் சம்பந்தியம்மாவுக்கும்.

சம்பந்தியின் கை சோற்றின் மேல் நின்றுவிட்டது. அப்பா உன்னைப் பார்த்த பார்வையை நான் எதிரில் இருந்து பார்த்தேன். அக்கா காலைத் தொடாமல் தலை குனிந்திருந்தாள்.

அப்போது சம்பந்தியம்மா அந்தக் காலை எட்டிப் பார்த்து, மெல்ல, "இம்மாம் பெருசா கீதா? எங்க வூட்டுக் கோழிக்கெல்லாம் காலே கெடையாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் நானு" என்றார்.

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். பிறகு அக்கா, பிறகு அம்மா. அம்மா அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்தால் அப்பா முறைப்பார்; அன்று அம்மா கவனிக்கவில்லை. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிட்டார், நன்றாகவே சாப்பிட்டார், எலும்பை உறிஞ்சினார். ஆனால் கை கழுவி, வெற்றிலை போட்டு, பேருந்துக்குக் கிளம்பும் வரை காதுகுத்துச் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பேருந்து நகர்ந்ததும் அப்பா தெரு என்றும் பார்க்காமல் ஆரம்பித்தார். "ஒரு கால அவரு எலையில வெச்சிருந்தா இன்னா கொறஞ்சிடும்?"

"அவருக்கு வெச்சா நம்ம பொண்ணுக்குக் கொறஞ்சிடும்ணா."

"ஆர்டர் போச்சே! உன் கையாலயே கெடுத்துக்கினியே!"

"போனா போவுது. கோழிக்கு மூணாவது கால் கெடையாது, நான் இன்னா பண்ண?"

அப்பா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வீட்டு வாசலில், "புதன்கிழம ஏஜெண்டு வராரு" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புதன்கிழமையை நான் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்து பார்த்தேன். வயிற்று வலி என்று சொன்னேன், பாதி உண்மைதான். ஏஜெண்ட் வெள்ளைச் சட்டையும் ரெக்சின் பையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நீ முறத்தை முன்னால் வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய்.

"பாஸ்போர்ட்ட குடும்மா. ஸ்டாம்பிங்குக்கு அனுப்பணும்."

"போவமாட்டேன்."

கை நிற்கவில்லை. ஏஜெண்ட் சம்பளம் கூட என்றார். சின்னக் குடும்பம், ஏசி ரூம், வெள்ளிக்கிழமை லீவு என்றார். இப்போது விட்டால் இனிமேல் வயசைக் காட்டித் தட்டிக்கழிப்பார்கள் என்றார். நீ ஒவ்வொன்றையும் கேட்டாய். வெங்காயத் தோல் முறத்தில் குவிந்துகொண்டே போனது. அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா உன்னைப் பார்த்தார். அந்த மாடிச் சுவர், மழையில் கறுத்துப்போன செங்கல், எல்லாம் அப்பா முகத்தில் இருந்தது. நீ நிமிர்ந்து, "வெயில்ல வந்துக்கீறீங்க, சாப்ட்டுட்டுப் போங்க" என்று ஏஜெண்டிடம் சொன்னாய். அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் உன்னிடம் கேட்டேன். "ஏன் அத்தை, நீ ஒரு காரணமும் சொல்லல?"

"காரணம் சொன்னா அதுக்கு ஒரு பதில் சொல்வாங்க. அதுக்கு நான் ஒரு பதில் சொல்லணும். அப்பால வெங்காயம் யாரு உரிக்கிறது?"

ஆர்டர் கையில் இல்லாமல்தான் நீ போகமாட்டேன் என்று சொன்னாய். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். சட்டி கிடைத்ததால், கோழி ருசியாக இருந்ததால் நீ இங்கே தங்கினாய் என்று ஊரில் பேசுகிறார்கள். மானாம்பதியிலிருந்து செய்தி வந்தது அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து. பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அக்கா போன் பண்ணினாள். பெரிய சமையலைச் சம்பந்தி காஞ்சிபுரத்து மாஸ்டர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம். ஆனால் சம்பந்தியம்மா பிடிவாதம் பிடித்து, பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தப்போகிற தாய்மாமன் இலைக்கு மட்டும் முழுக்கோழி வேண்டும், அந்தம்மா அந்தச் சட்டியோடு வரட்டும் என்றாராம். தாய்மாமன் நம் மாப்பிள்ளைதான்.

"ஒரே ஒரு எலைதானா?" என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"ஒரு எலைன்னா ஊரே பாக்கற எலைடி" என்று நீ சட்டியைக் கோணிப்பையில் சுற்ற ஆரம்பித்தாய்.

ஊர் பார்த்தது. அதற்குப் பிறகு மறுவீட்டு விருந்து, வளைகாப்பு, புது வீடு என்று யாராவது வந்து கேட்டார்கள். பாய் தன் மகள் நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை சாப்பிடும் பெரிய தாம்பாளத்தில் வைக்கக் கேட்டார். கோழியை அவர்களே அறுத்துக் கொடுத்தார்கள், நீ அவர்கள் கொல்லையில் மூன்று கல் வைத்தாய். ஒவ்வொரு தடவையும் ஒரே சட்டி, ஒரே கோழி. இன்னொரு சட்டி கடைசி வரை கிடைக்கவில்லை. பெரும் பணம் வந்துவிடவில்லை. மாடி இன்னும் பாதிதான். ஆனால் ஒரு நாள் அப்பா சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை கரியைக் கட்டிக்கொண்டு வந்து முருங்கை மரத்தடியில் இறக்கிவிட்டு உள்ளே போனார். நீ அன்று ராத்திரி அவருக்கு இரண்டு முறை ரசம் ஊற்றினாய்.

இந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நீ ஆட்டோவில் உட்கார்ந்துதான் போனாய். வாசலில் நின்ற என்னிடம், வெள்ளிக்கிழமை வருகிற ஆர்டருக்குக் கோழியை முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொன்னாய். சொல்லிவைத்தேன். நீ வரவில்லை. அந்த ஆர்டரை நானும் அம்மாவும் செய்தோம். அம்மா மூடியில் கங்கு போட்டாள், நான் விசிறினேன், யாரும் அழவில்லை. கங்கு போட்டுக்கொண்டே எப்படி அழ முடியும்?

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டில் கறிச்சோறு. அம்மா எல்லா இலையையும் ஒரே நேரத்தில் போட்டாள். உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "ஆம்பளைங்க மொதல்ல..." என்று ஆரம்பித்தார். அம்மா அவர் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு இப்போது பிளஸ் டூ. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தூரத்து உறவில் ஒருவர் வந்து அப்பாவிடம் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அப்பா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார். நான் தரையில் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல எடம்மா. பரீட்ச முடிஞ்சதும் வந்து பாத்துட்டுப் போறேன்றாங்க."

"வோணாம்பா. நான் காலேஜுக்குப் போறேன்."

காரணங்கள் என்னிடம் நிறைய இருந்தன அத்தை. பரீட்சை விடை மாதிரி தலைப்பு, துணைத்தலைப்பு போட்டு மனதில் எழுதி வைத்திருந்தேன். என் மார்க், காஞ்சிபுரத்துக் காலேஜ், பேருந்து பாஸ், எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தனையையும் விழுங்கிவிட்டு, அடுத்த பூண்டுப் பல்லை எடுத்துத் தோலைக் கிள்ளினேன்.

அப்பா இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொல்லவில்லை. கை நிற்கவில்லை.

பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு முறத்துக்கு அந்தப் பக்கம் குந்தி, ஒரு பூண்டை எடுத்து உடைத்து, அவரும் உரிக்க ஆரம்பித்தார்.